தலைமையாசிரியர் 4, அடியாள் 4

கிரோல்ஃப்னர் வெய்ன்சன் என்று ஒரு வைக்கிங் வீரன். சண்டைக்கு நான்கு பகடை, சூதாட்டத்துக்கு மூன்று, பெண்கள் பின்னால் சுற்றுவதற்கு இரண்டு, கவிதைக்கு ஒன்றே ஒன்று. ஆசையெல்லாம் அந்தக் கடைசி ஒன்றில்தான். தன் பெருமையைத் தானே காவியமாகப் பாட வேண்டும் என்று கிடந்து தவிக்கிறான். கைவசம் இருப்பதோ ஒற்றைப் பகடை. இவ்வளவு தெரிந்தால் போதும், இவனை வைத்து இன்று ராத்திரியே விளையாட உட்காரலாம்.

'ரிசஸ்' என்ற விளையாட்டின் விதிப்புத்தகத்தில் உதாரணமாக வருகிறவன் இவன். புத்தகம் என்று சொல்வதே அதிகம். பத்துப் பக்கத்தைத் தொடாத ஒரு பிடிஎஃப் அது. நடுநடுவே குச்சிக் குச்சியாகக் கை கால் வைத்த மனிதர்களின் படங்கள். எழுதியவர் எஸ். ஜான் ராஸ் என்ற அமெரிக்கர். 1990களிலிருந்து இலவசமாகவே கிடைத்து வருகிறது. விளம்பரம் இல்லை, கடை அலமாரியில் இடமில்லை. இருந்தாலும் முப்பது வருடமாகச் சாகாமல் இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கத்தான் நாங்கள் நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

இந்த வகை விளையாட்டையே அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இதை டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம் என்பார்கள், சுருக்கமாக ஆர்பிஜி. ஒருவர் கேம் மாஸ்டர். இடம், பொருள், வில்லன், மழை, இருட்டு எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறந்து உள்ளே போகிறேன்" என்று ஒருவர் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேம் மாஸ்டர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை பேசும். வெற்றி தோல்வி என்று முடிவு கிடையாது, கதை எங்கே நிற்கிறதோ அங்கே எழுந்துகொள்ளலாம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் நிலவறையில் உட்கார்ந்து கத்திக் கூச்சல் போட்டு ஆடுவார்களே, அதுதான்.

அவர்கள் ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இந்த வகைக்கு அதுதான் ஆதி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் ஆயிரம் பிரதி அச்சடித்து விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் குடையின் கீழ் இருக்கிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தபோது மூலப் புத்தகங்கள் மூன்று: ஆடுபவருக்கு ஒன்று, நடத்துபவருக்கு ஒன்று, பூதங்களுக்கு ஒன்று. 320, 320, 352 பக்கங்கள். கூட்டினால் ஆயிரத்துக்கு எட்டுப் பக்கம் குறைவு. இதைப் படித்து முடித்து, நண்பர்களையும் படிக்கவைத்து, எல்லோருக்கும் லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்து உட்காருவதற்குள் பாதிப் பேருக்குக் கல்யாணமாகிவிடும்.

2023 ஜனவரியில் அந்த விளையாட்டை ஒட்டிப் பிறர் புத்தகம் எழுதி விற்பதற்கான உரிமத்தை மாற்ற வெளியீட்டாளர் முயன்ற வரைவு கசிந்தது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அதே மாத இறுதியில் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனாலும், 'ஒரே கம்பெனியை நம்பி ஏன் இருக்க வேண்டும்' என்ற கேள்வி அப்போது பலர் வாயில் வந்தது. சிறு கைகள் தனியாக எழுதி வெளியிடும் இண்டி விளையாட்டுகள் பக்கம் திரும்பிப் பார்க்க இதுவும் ஒரு காரணம். ரிசஸ் அதற்கெல்லாம் வெகு முன்பே வந்தது.

ராஸ் இந்தத் துறையின் கடைநிலைத் தொழிலாளி இல்லை. 'ஜர்ப்ஸ்' என்று ஒரு விளையாட்டு, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற கம்பெனி 1986-ல் கொண்டுவந்தது. எந்தக் காலம், எந்த உலகம், எந்தக் கதை ஆனாலும் ஒரே விதித்தொகுப்பில் ஆடலாம் என்பது அதன் உறுதிமொழி. அதற்கு அது கண்ட வழி, எல்லாவற்றுக்கும் விதி எழுதுவது. ஓடுவதற்கு, மூச்சுப் பிடிப்பதற்கு, குதிரை வண்டிக்கு, ராக்கெட்டுக்கு என்று துணைநூல்கள் வரிசையாக வந்தன. அவற்றின் நுணுக்கத்துக்கு ஒரு சாட்சி உண்டு. 1990 மார்ச் 1 அன்று அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அந்த அலுவலகத்துக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. அள்ளியதில் 'ஜர்ப்ஸ் சைபர்பங்க்' கையெழுத்துப் பிரதியும் அடக்கம். அதிகாரிகளின் கண்ணுக்கு அது கம்ப்யூட்டர் குற்றத்துக்கான கையேடாகப் பட்டது. கம்பெனி வழக்குப் போட்டு 1993-ல் ஜெயித்தது. விளையாட்டு விதியைப் போலீஸ் நிஜமென்று நம்பும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றால் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஜர்ப்ஸ் வரிசைக்கு ரஷ்யாவைப் பற்றி ஒன்று, ரகசியப் படைகளைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து ஒன்று என்று புத்தகங்கள் எழுதியவர்தான் ராஸ். எல்லாவற்றுக்கும் விதி எழுதும் பட்டறைக்காக எழுதியவரே, எதற்குமே விதி எழுதாத ஒன்றையும் செய்திருக்கிறார். அதே உறுதிமொழிதான்: எந்த உலகமானாலும் ஆடலாம். பாதைதான் நேர் எதிர்.

எப்படி ஆடுவது? ஆளுக்குப் பத்துப் பகடை. சாதாரண ஆறு முகப் பகடை போதும். அந்தப் பத்தையும் உங்கள் பாத்திரத்தின் 'கிளிஷே'களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கிளிஷே என்றால் பெயரைச் சொன்னவுடன் ஆள் கண் முன்னால் வந்து நிற்கிற வார்ப்பு. வைக்கிங், துப்பறிவாளர், நாட்டாமை, மெடிக்கல் ரெப், எது வேண்டுமானாலும். மூன்று பகடை இருந்தால் தொழில் தெரிந்தவர். ஒன்று இருந்தால் கத்துக்குட்டி. ஆறு உச்சம். ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுமென்றால் அந்த வார்ப்புக்குள்ள பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். மிக எளிய காரியத்துக்கு 5 வர வேண்டும், தொழில்காரருக்கே சவால் என்றால் 10, வல்லவருக்குச் சவால் 20, மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்று சொல்லத்தக்கதற்கு 30. கிரோல்ஃப்னரின் ஒற்றைக் கவிதைப் பகடைக்கு 5 வருவதே மூன்றில் ஒரு முறைதான். காவியம் கஷ்டம்.

இரண்டு பேர் மோதினால் இருவரும் உருட்ட வேண்டும். குறைவாக விழுந்தவர் ஒரு பகடையை இழப்பார். அடுத்த சுற்றில் மிச்சமுள்ளதை வைத்து உருட்ட வேண்டும். யாருடையது தீர்ந்துபோகிறதோ அவர் தோற்றார். தோற்றவருக்கு என்ன ஆகும் என்பதை ஜெயித்தவர் சொல்வார். இது கத்திச் சண்டைக்கு மட்டுமல்ல, பட்டிமன்றத்துக்கு, நீதிமன்ற வாதத்துக்கு, கார் ரேஸுக்கு, மாமியார் மருமகள் பனிப்போருக்கு எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒவ்வொரு வார்ப்புக்கும் அதற்கான கருவிகள் கூடவே வந்துவிடும், தனியாகப் பட்டியல் போட வேண்டாம். வைக்கிங் என்றால் கோடரி இருக்கும், டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப் இருக்கும். கருவி பறிபோனால் பகடை பாதியாகும்.

ராஸின் குறும்பு ஒரு விதியில் ஒளிந்திருக்கிறது. மோதலுக்குச் சம்பந்தமே இல்லாத வார்ப்பை ஒருவர் இறக்கலாம். எப்படிப் பொருந்தும் என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேம் மாஸ்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி இறக்கி அந்தச் சுற்றை ஜெயித்தால் எதிராளிக்கு ஒன்றல்ல, மூன்று பகடை போகும்.

படிக்கும்போது இதைக் கோமாளித்தனம் என்றுதான் நினைத்தேன். மேஜையில் பார்த்தபோதுதான் முழு விளையாட்டும் இந்த ஒரு விதியில் நிற்கிறது என்று புரிந்தது.

எங்கள் கதை மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரியில் நடந்தது. மணப்பெண்ணின் நகைப்பெட்டியைக் காணோம். விடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல். கேம் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் எடுத்துக்கொண்டது கல்யாண வீடியோகிராஃபர் (4), சண்டைக்கோழி (3), பேய்க்கதைப் பைத்தியம் (2), மாப்பிள்ளை வீட்டு ஒற்றர் (1). வங்கியில் வேலை பார்க்கும் தோழி சமையல் மாஸ்டர் (5), கடன் வாங்கியே காலம் தள்ளுபவர் (3), முன்னாள் கபடி வீரர் (2). கூரியர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நண்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (4), கம்பராமாயணப் பட்டிமன்றப் பேச்சாளர் (3), சர்க்கரை வியாதிக்காரர் (3). ஆள் தயார் செய்ய ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

சர்க்கரை வியாதிக்கு மூன்று பகடையை எதற்கு வீணாக்குகிறீர்கள் என்று தோழி கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் சத்தமில்லாமல் நுழைய வேண்டிய கட்டம் வந்தது. உள்ளே லட்டு அண்டாக்களுக்கு நடுவே காவலுக்கு ஆள் படுத்திருக்கிறான். 10 வர வேண்டும் என்றேன். நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முப்பது வருஷமா சுகர். முப்பது வருஷமா வீட்டுல தெரியாம இனிப்பு எடுக்கறேன். டப்பா மூடி சத்தம் போடாம திறக்கறது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். மறுக்க வழியில்லை. உருட்டினார், 12.

அடுத்து அடியாள். நகைக்குப் பின்னால் இருந்த கும்பலின் ஆள், மண்டபத்தின் பின்வாசலில் அரிவாளோடு வழிமறித்தான். அடியாள் (4). சண்டைக்கோழியும் கபடி வீரரும் அந்த நேரம் மாடியில். எதிரே நின்றது தலைமையாசிரியர் மட்டும். கைகலப்பில் அவருக்கென்று ஒன்றும் கிடையாது.

"அவனை மேலேயும் கீழேயும் பாக்கறேன்" என்றார் நண்பர். "கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கறேன். 'டேய், நீ எந்த செட்டு? தொண்ணூத்தெட்டா? முருகேசன் பையன்தானே நீ?'"

மேஜையே வெடித்துச் சிரித்தது. நான் தலையாட்டினேன். அவர் நான்கு பகடை உருட்ட 17 வந்தது. அடியாளுக்காக நான் உருட்டியது 13. மூன்று பகடை போய் அடியாளிடம் ஒன்று மிச்சம்.

"அரிவாளை எடுத்துக் காட்டறான்" என்றேன், விடாமல்.

"அதைக் கீழ வைடா. லெஃப்ட் ஹேண்டுல பிடிச்சிருக்கே, அப்பவே சொன்னேன்ல. உங்கப்பா எப்படி இருக்காரு? ஆபரேஷன் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன்." நண்பருக்கு 11 விழுந்தது, அடியாளின் ஒற்றைப் பகடையில் 4. ஆட்டம் முடிந்தது. தோற்றவனுக்கு என்ன தண்டனை என்று ஜெயித்தவர்தானே சொல்ல வேண்டும். "காலையில முதல் பந்தியில இவன்தான் பரிமாறணும். குளிச்சிட்டு வரணும்."

அந்த அடியாள் ஏன் பணிந்தான் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மிரட்டலுக்கு இத்தனை, அச்சத்துக்கு இத்தனை என்று அட்டவணை கிடையாது. ஊரில் அரிவாள் பிடித்தவனும் ஹெட்மாஸ்டரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவான் என்பது மேஜையில் இருந்த நாலு பேருக்கும் முன்பே தெரியும். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும்போதே வரப்போவது துரியோதனன் என்று முன்வரிசைப் பாட்டி சொல்லிவிடுவாள் அல்லவா, அந்த மாதிரி. ரிசஸ் பத்துப் பக்கத்துக்குள் முடிந்துபோனதற்குக் காரணம் ராஸ் சோம்பேறி என்பதல்ல. மற்ற விளையாட்டுகள் முந்நூறு பக்கத்தில் எழுதுவதை ஆடுபவர்களின் தலைக்குள் ஏற்கெனவே சினிமாவும் நாவலும் தெருவும் எழுதிவைத்துவிட்டன என்று அவர் கணக்குப் போட்டார். அதைத் தட்டி எழுப்ப ஒரு பெயரும் சில பகடையும் போதும்.

கணக்கு சரியா என்று பார்க்க வேறு உலகத்தில் இன்னொரு ஆட்டம் போட்டோம். கிரோல்ஃப்னரின் ஊரிலேயே, அவன் கூட்டாளிகளாக. கப்பல் கிளம்பியது, கடற்கரை வந்தது, இறங்கினார்கள். அப்புறம் மேஜையில் ஈயாடவில்லை. "வைக்கிங்னா இப்ப என்ன செய்வான்?" என்று தோழி கேட்டார். கொள்ளையடிப்பான், குடிப்பான். அதற்கு மேல் எங்களுக்குத் தெரிந்தது கொம்பு வைத்த தலைக்கவசம், அதுவும் ஓபரா மேடைக்காரர்களின் கைவண்ணம் என்று அண்ணன் மகள் திருத்தினாள். அவள் வீடியோ கேமிலும் சீரியல்களிலும் வைக்கிங்குகளோடு வாழ்ந்தவள். கேடயச் சுவர் என்றாள், நீள்வீடு என்றாள், பாடகனைக் கொன்றால் பழி என்றாள். அவளுக்குப் பகடை உருட்ட உருட்டக் கதை வந்தது. தோழியும் நண்பரும் "நானும் வெட்டறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே விதிகள், அதே பகடைகள். சம்பந்தமில்லாத வார்ப்பை இறக்கும் விதியை ஒருவருமே தொடவில்லை. எது சம்பந்தம் உள்ளது என்றே தெரியாதபோது சம்பந்தமில்லாததை எப்படித் தேடுவது?

எந்த உலகத்துக்கும் வளையும் விளையாட்டு என்று இதைப் பாராட்டுகிறவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். வளைவது விதி இல்லை, ஆட்கள்தான். ஆட்களுக்குப் பழக்கமில்லாத உலகத்தில் தடித்த புத்தகம்தான் கைகொடுக்கும். நிலவறையையே பார்த்திராத ஒருவருக்கு அதை அங்குலம் அங்குலமாகச் சொல்லித்தருவதற்குத்தான் அந்த 992 பக்கங்கள். கேலி செய்தேன், ஆனால் அவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

புத்தகமா ஆட்களா என்ற இந்த இழுபறி ராஸுக்கும் ஜர்ப்ஸுக்கும் நடுவில் தொடங்கியதல்ல. பகடை உருட்டிப் போர் நடத்தும் பழக்கத்தைப் பிரஷ்ய ராணுவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். மகன் 1824-ல் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' விளையாட்டில் வரைபடம், கட்டைகள், பகடை, இழப்புக்கு அட்டவணை என்று எல்லாம் உண்டு. இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக அது பரவியது. அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டியே ஆட்டம் நின்றுபோகிறது என்ற அலுப்பும் கூடவே வளர்ந்தது. 1876-ல் யூலியஸ் ஃபான் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூரப் போடச் சொன்னார். போர் பார்த்த அதிகாரி ஒருவர் நடுவராக இருக்கட்டும், என்ன நடக்கும் என்று அவரே சொல்லட்டும் என்பது அவர் வாதம். நன்றாகத்தான் இருந்தது, நடுவர் போர் பார்த்தவராக இருந்த வரைக்கும்.

அந்தப் போர் விளையாட்டுகளின் அமெரிக்க வாரிசுகளில் டேவிட் வெஸ்லி ஒருவர். மின்னசோட்டாக்காரர். 1969-ல் 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலம். படைத்தலைவர்களோடு மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் ஆட்களுக்குக் கொடுத்தார். ஆடியவர்கள் போரை மறந்துவிட்டு ஊருக்குள் ஆளாளுக்குச் சதி செய்யப் போய்விட்டார்கள். ஆட்டம் குட்டிச்சுவர் என்று அவர் நினைத்தார், அவர்கள் இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் ஆடியவர்களில் ஒருவர்தான் டேவ் ஆர்னெசன், பிறகு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பாதி. ஆக இந்த வகையே பிறந்தது விதி தீர்ந்துபோன இடத்தில் ஆட்கள் வாயைத் திறந்ததால்.

குறைகளுக்கு வருகிறேன். ரிசஸின் மோதல் விதி சறுக்கு மரம். நான்கு பகடையும் மூன்று பகடையும் மோதினால் முதல் சுற்றில் நான்கு ஜெயிப்பது ஏறத்தாழ முக்கால்வாசி முறை. ஒரு தடவை தோற்றவரிடம் இப்போது இரண்டு. நான்குக்கு எதிராக இரண்டு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோல்வி. முதல் உருட்டலிலேயே பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடுகிறது, மீதியெல்லாம் சடங்கு. இதைச் சமாளிக்க விருப்ப விதிகள் சில இருக்கின்றன. ஒன்றில், ஒரு சுற்றுக்கு மட்டும் உங்கள் பலத்தை ஏற்றிக்கொள்ளலாம்: மூன்று பகடைக்காரர் ஐந்து உருட்டலாம், ஆனால் அந்தச் சுற்று முடிந்ததும் ஏற்றிய அளவுக்கு, அதாவது இரண்டு பகடை, அவருடைய மூன்றிலிருந்தே போய்விடும். இன்னொன்றில், உங்கள் பாத்திரத்துக்கு ஒரு பலவீனத்தைச் சேர்த்துக்கொண்டாலோ அதன் பூர்வ கதையை எழுதிக் கொடுத்தாலோ கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். கதை எழுதினால் கூலி என்பது நல்ல யோசனை. கபடி வீரரின் முழங்கால் எப்படிப் போனது என்று தோழி ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தார்.

கஷ்டம் வேறொன்று. வாய் உள்ளவர் பிழைத்துக்கொள்கிற விளையாட்டு இது. சம்பந்தமில்லாத வார்ப்புக்கு மூன்று பகடை வெகுமதி என்றால், கூச்சப்படுகிறவர் எப்போதும் ஒன்று, பேச்சாளர் எப்போதும் மூன்று. கேம் மாஸ்டர் இந்தச் சலுகையைக் கஞ்சத்தனமாகக் கொடுக்க வேண்டும். ஒரே தந்திரத்துக்கு இரண்டாம் முறை தலையாட்டக் கூடாது. நண்பர் அடுத்து வந்த கேட்டரிங் காண்ட்ராக்டரிடமும் "நீ எந்த செட்டு" என்று ஆரம்பித்தபோது நான் மறுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அச்சமும் துக்கமும் இதில் வருவதில்லை. பெயரே லத்தீனில் சிரிப்பு. தலைமையாசிரியர் ஜெயித்தது சிரிப்பால்தான். ஒரு சாவு, ஒரு பிரிவு, மெல்ல ஏறும் பயம் இவற்றை வார்ப்புகளால் நடத்த முடியாது, அவை சிரித்துவிடுகின்றன. வாரக்கணக்கில் தொடரும் நீண்ட கதைக்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு பகடையோடு உச்சம் முடிந்துவிடுகிறது, வளர இடம் குறைவு.

அதைவிடப் பெரிய சங்கடம் வார்ப்புகளிலேயே இருக்கிறது. பெயரைச் சொன்னதும் யார் கண் முன்னால் வருகிறார்கள், எந்த உருவத்தில் வருகிறார்கள் என்பதைத் தமிழ் சினிமா அறுபது எழுபது வருடமாகத் தீர்மானித்து வைத்திருக்கிறது. அதில் நாட்டாமையும் உண்டு, இழிவும் உண்டு. மண்டப ஆட்டத்துக்கு வட்டிக்கடைக்காரர் ஒருவரை நான் இறக்கினேன். தோழி அவருக்கு உடனே சினிமா சேட்டுகளின் "நம்பள்கி நிம்பள்கி" பேச்சைக் கொடுத்தார். இரண்டு பேர் சிரித்தோம். அண்ணன் மகள் சிரிக்கவில்லை. "இது வேணாம் சித்தப்பா, என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா" என்றாள். வட்டிக்கடைக்காரர் அப்புறம் மதுரைத் தமிழே பேசினார். முகத்தில் வேலைக்காரி என்றும் அரவாணி என்றும் கிராமத்தான் என்றும் எழுதி ஒட்டிய வார்ப்புகள் இதே வழியில் உள்ளே வரும். ஒரு சாதிப் பெயரைக் கிளிஷேயாக எழுதி நான்கு பகடை வைக்க விதியில் எந்தத் தடையும் இல்லை. இதற்கு இண்டி வட்டாரத்திலேயே ஒரு மருந்து உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் பரப்பிய எக்ஸ் கார்டு: மேஜை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை. யாருக்கு உறுத்துகிறதோ அவர் அதைத் தொடலாம். ஏன் என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டுக் கதை நகர வேண்டும். எங்கள் மேஜையில் அதற்குப் பிறகு பழைய விசிட்டிங் கார்டு ஒன்று கிடந்தது.

இதே திசையில் இன்னும் சில பெயர்கள். ராப் டொனஹ்யூ, ஃப்ரெட் ஹிக்ஸ் இருவரும் உருவாக்கிய 'ஃபேட்' விளையாட்டும் வாக்கியங்களால் ஆளைக் கட்டுகிறது. ஆனால் அங்கே ஒரே வாக்கியம் உங்களுக்கு உதவவும் செய்யும், காலை வாரவும் செய்யும். வாரும்போது அதற்கு ஈடாக உங்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். சர்க்கரை வியாதி இனிப்புத் திருட மட்டுமல்ல, மயக்கம் போட்டு விழவும் வேண்டும் என்று அது வற்புறுத்தும். இந்தத் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாத அந்த ஃபேட், 2012 இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் 3,000 டாலர் கேட்டுப் புதுப் பதிப்பு அறிவித்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் 4,33,000 டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரே ஒரு பக்கம். உங்கள் ஆளுக்கு ஒரே ஒரு எண். விண்வெளிக் கப்பல் கதைக்கு மட்டும் ஆகும் என்றாலும், அந்த ஒரு பக்கத்தை மாற்றி எழுதி வேறு எத்தனையோ கதைகளுக்கு ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஆரம்பிக்க ரிசஸ்தான். ஒரு மாலை போதும். நாலு பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். பகடை பத்துப் பன்னிரண்டு இருந்தால் எல்லோரும் மாற்றி மாற்றி உருட்டலாம். தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு வராதீர்கள், எண்கள் ஒத்துவராது. லூடோ டப்பாக்கள் நாலைந்து வீட்டில் இருந்தால் அவற்றிலிருந்து பொறுக்கலாம். முதல் கதைக்குக் கடலையும் கோட்டையையும் தேடிப் போக வேண்டாம். ரேஷன் கடை, ஹவுசிங் போர்டு சங்கக் கூட்டம், ஆம்னி பஸ் பிரேக்டவுன், எல்லோருக்கும் நெருக்கமாகத் தெரிந்த ஓர் இடம் போதும். யாருக்கும் எந்த வார்ப்பும் பொருந்தாத கட்டம் வந்தால் எல்லோருக்கும் இரண்டு பகடை இலவசம் என்று ஒரு விதி இருக்கிறது, அதை மறக்காதீர்கள். மணப்பெண்ணின் பாட்டி நகை விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபோது அந்த விதிதான் எங்களைக் காப்பாற்றியது. சமாதானம் செய்யத் தெரிந்த வார்ப்பு ஒருவரிடமும் இல்லை.

நகைப்பெட்டி இருந்தது வீடியோகிராஃபரின் கேமரா பையில். யார் வைத்தார்கள் என்பதை மாப்பிள்ளை வீட்டு ஒற்றர் (1) கடைசி வரை வாய் திறக்கவில்லை, அண்ணன் மகள் அதை வீட்டுக்குப் போன பிறகும் சொல்லவில்லை.

அடுத்த ஆட்டத்தை அவள்தான் நடத்தப்போகிறாள். உள்ளாட்சித் தேர்தல், வாக்கு எண்ணும் நாள். பாத்திரங்கள் எழுதியாகிவிட்டது. நண்பர் சுயேச்சை வேட்பாளர் (6) என்று போட்டிருக்கிறார். ஆறு பகடை என்றால் அந்தத் துறையில் உச்ச வல்லமை. டெபாசிட் இழப்பதில் உச்சமா, ஜெயிப்பதில் உச்சமா என்று அண்ணன் மகள் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாக வாட்ஸப்பில் வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோழி நண்பர் பக்கம்.